ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கு மூன்று தரம்

மேல்மலையனூர் போகிற வழியில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்களே சங்கடப்படுவார்கள். அப்படி ஒரு தன்னடக்கம். வாசலில் ஒரு போர்டுகூடக் கிடையாது. போர்டு வைத்தால் பதிவு எண் எழுத வேண்டும். எண் எழுத வேண்டுமானால் பதிவு செய்திருக்க வேண்டும். தொண்டு செய்கிறவர்களுக்கு இந்தப் படாடோபமெல்லாம் எதற்கு?

எங்கள் அத்தை அங்கேதான் இருக்கிறாள். அவள் பிள்ளை அபுதாபியில். பெண் பெங்களூரில், லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிற அபார்ட்மென்டில், நாலாவது மாடியில். நான் செஞ்சியில் இருப்பதால் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. அதன் பிறகு, சொந்தத்தில் யாராவது அப்பாவையோ அம்மாவையோ எங்கே விடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. ‘இடம் எப்படி, நல்லா பாத்துக்கிறாங்களா?’ யோசிக்கிறவர்கள் கூட்டமும் பெருகிக்கொண்டே போகிறது. 2021இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது வயதைத் தொட்டவர்கள் 13.6 சதவீதம் என்று ஒரு மதிப்பீடு. அதுவே 2031இல் 18.2 சதவீதமாகுமாம். ஆளாளுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

கட்டடத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது. தரை முழுக்கப் பளபளக்கிற டைல்ஸ். குனிந்து பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். நடக்கத்தான் முடியாது, வழுக்கும். ஆனால் நடக்கிறவர்கள் யார் அங்கே? வந்த புதிதில் சிலர் நடந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர்களும் அடங்கிவிட்டார்கள். கூடத்தில் எட்டு மின்விசிறிகள். ஒவ்வொரு இறக்கையிலும் உபயதாரர் பெயர், ஊர், பிறந்த நாள் எல்லாம் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. விசிறி சுற்றினால் பெயர் தெரியாது என்பதால் சுற்றவிடுவதில்லை. கொடுத்தவர் மனம் புண்படக்கூடாதென்று சித்திரை வெயிலில் வேர்த்துக் கிடக்கிற முப்பது சொச்சம் பேரின் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கே கண் கலங்குகிறது.

சாதனங்களுக்கும் குறைவில்லை. சக்கர நாற்காலிகள் மூன்று, பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல், வரவேற்பறையில் வரிசையாக நிற்கின்றன. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி அதன் அட்டைப் பெட்டியிலேயே கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. பிசியோதெரபி அறை என்று ஓர் அறை. சாவி முதலாளி வீட்டில் பத்திரமாக இருக்கிறது. ஔவையார் தொண்டைமானின் ஆயுதச் சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நெய் பூசி மயிற்பீலி சூட்டி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள் என்று மெச்சினாராம். அதியமானுடைய வேல்களோ நுனி மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடந்தனவாம். ஔவையார் இன்று வந்தால் இந்த வரவேற்பறையைப் பார்த்துப் பூரித்துப்போவார். பக்கத்து ஊரில் மருமகள் ஒருத்தி, மாமியாரை உட்கார வைத்து இழுக்கிறாளே, ஒரு பக்கச் சக்கரம் தேய்ந்து கோணிப்போன பழைய நாற்காலி, அதை யார் மெச்சுவார்கள்?

இனி கவனிப்பு. அத்தையின் கட்டிலுக்கு எதிரே சுவரோரமாக ஒரு ஸ்டூல். அதன்மேல் எவர்சில்வர் செம்பு, செம்பின் மேல் கவிழ்த்த தம்ளர், தம்ளர் மேல் ஒரு வெள்ளைத் துணி. ஈ மொய்க்காது, தூசு விழாது, பல்லி எட்டாது. அத்தைக்கும் எட்டாது. கையை முழுக்க நீட்டினாலும் இரண்டு சாண் குறைகிறது. ஒரு தடவை நான் ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுவிட்டு வந்தேன். மறுமுறை போனபோது அது பழையபடி சுவரோரத்தில் நின்றது. மேலாளர் கோபப்படவில்லை. பக்குவமாக எடுத்துச் சொன்னார்: ‘தண்ணி நிறைய குடிச்சா ராத்திரி எழுந்துக்கணும் சார். இருட்டுல விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?’

என்ன தொலைநோக்கு! தண்ணீர் குறைந்தால் சிறுநீர் குறையும். சிறுநீர் குறைந்தால் டயாபர் மிச்சம். டயாபர் மிச்சமானால் மாற்றிவிட ஆள் தேவையில்லை. அபுதாபிக்குப் போகிற டயாபர் பில் மட்டும் மாதாமாதம் குறையாமல் போகிறது, அது வேறு கணக்கு. தண்ணீர் பற்றாவிட்டால் மூத்திரத்தில் கிருமி வரும், வயதானவர்களுக்கு அது காய்ச்சலாகக்கூடக் காட்டாது, திடீரென்று ஆள் அடையாளம் மறப்பதும் பிதற்றுவதுமாகத்தான் காட்டும் என்று டாக்டர்கள் பயமுறுத்துவார்கள். பிதற்றினால் பிதற்றட்டுமே. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று சொல்ல ஒரு வாய் போதும். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க இரண்டு கை வேண்டும்.

பதிவேடுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும் என்பது நர்ஸ் படிப்பில் முதல் பாடம். இந்த இல்லத்தில் அதற்கென்று தனி நோட்டு. வலம், இடம், மல்லாந்து என்று கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஒரு டிக். எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே கை, ஒரே சாய்வு. நான் புரட்டிப் பார்த்தபோது தேதி 22. நோட்டில் 30ஆம் தேதி ராத்திரி இரண்டு மணிக்குக்கூட அத்தையை வலப்பக்கம் திருப்பியிருந்தார்கள். நடக்கப் போவதை இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்ல வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடர்களால்கூட ஆகாது.

எட்டு மணிக்கு ஊர் அடங்குவதுபோல் அந்தக் கூடம் அடங்கிவிடும். இருமல் இல்லை, முனகல் இல்லை, யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறது. அதோடு ஆளுக்கொரு சின்ன வெள்ளை மாத்திரை. யார் எழுதிக் கொடுத்த மாத்திரை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அந்த அமைதி கெடும். மாத்திரைக்கும் அடங்காத ஓரிருவருக்குப் பழைய புடவையைக் கிழித்து மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டி வைக்கிறார்கள். நைலான் கயிறு அல்ல, கவனிக்க வேண்டும். மெல்லிய வாயில் ரகப் புடவை, தோல் உரசாது. ராத்திரிக்கு ஒரே ஓர் ஆயா. ஆகவே புடவைதான் மற்ற ஆயாக்கள்.

சமத்துவத்தில் இந்த இல்லத்துக்கு இணை கிடையாது. சாயங்காலம் பல்செட்டுகளையெல்லாம் ஒரே தட்டில் சேகரிப்பார்கள். காலையில் கைக்கு வந்ததை ஆளுக்கொன்று கொடுப்பார்கள். பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தாதவர்களுக்குக் கஞ்சி. மூக்குக் கண்ணாடியும் அப்படியே. அத்தை இப்போது போட்டிருக்கிற கண்ணாடி, போன மாசி மாதம் காலமான ஒரு வாத்தியாருடையது. தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறதாம். பக்கத்தில் யாரும் வருவதில்லை என்பதால் அதுவே போதுமானதாக இருக்கிறது.

பெண்களுக்கெல்லாம் மாதம் ஒரு முறை மிஷின் வைத்து மொட்டை. பேன் தொல்லை இல்லை, சீவுகிற வேலை இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை. அத்தைக்கு இடுப்பு வரை முடி. எழுபது வயதிலும் கொண்டை போட்டு ஒரு முழம் கதம்பம் வைப்பாள். முதல் மாதமே அது போய்விட்டது. விசாரிக்கிறவர்களிடம் இல்லத்தார் சொல்கிற பதில்தான் ரசிக்கத்தக்கது: ‘அங்காளம்மனுக்கு முடி இறக்கினோங்க.’ அம்மன் சந்நிதி பக்கத்திலேயே இருக்கும்போது அதற்கு மேல் யார் வாயைத் திறப்பார்கள்? கேட்ட பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

அம்மன் என்றதும் அமாவாசை. மேல்மலையனூர் அங்காளபரமேஸ்வரி கோயிலில் அமாவாசைதோறும் நள்ளிரவில் ஊஞ்சல் உற்சவம். விழுப்புரம், திருவண்ணாமலை, சென்னை, பாண்டிச்சேரி என்று எல்லாத் திக்கிலிருந்தும் பஸ்ஸும் வேனுமாக ஜனம் வந்து குவியும். வருகிற வழியில் நாலு வயிற்றுக்குச் சோறு போட்டால் புண்ணியம் இரட்டிப்பாகும் என்று நம் இல்லத்துக்கும் ஒரு திருப்பு திருப்புவார்கள். பிள்ளைகள் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் எட்டிப் பார்த்தால், உபயதாரர்கள் அமாவாசைக்கு மூன்று தரம் வருகிறார்கள். காலை டிபன் ஒரு குடும்பம், மதியச் சாப்பாடு ஒரு குடும்பம், ராத்திரி ஒரு குடும்பம். மூன்று வேளையும் சர்க்கரைப் பொங்கல். கூடத்தில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. நோய்க்கேற்ற பெயரில் சாப்பாடு அமைவது அபூர்வம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ரசஞ்சோறு. பௌர்ணமிக்குள் ரசத்திலிருந்த தக்காளியும் தேய்ந்துவிடும்.

ஓர் அமாவாசை மதியம் நான் அங்கே இருந்தேன். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டை எழுதி வைத்திருந்தது. கோயிலில் கூட்டம், வேன் நகரவில்லை. இல்லத்தில் விதி விதிதான்: இன்சுலின் போடுகிறவர்களுக்கு 12 மணிக்கு ஊசி. போட்டாயிற்று. சோறுதான் வரவில்லை. உபயதாரர் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, முதல் கரண்டி போட்டு, போட்டோ எடுத்த பிறகுதான் பரிமாறுவது வழக்கம். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவர்க்கடிகாரம் இரண்டைத் தாண்டியபோது வேன் வந்தது. அந்த நேரம் பார்த்து மூலைக் கட்டில் பாட்டிக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கை கால் வெடவெடவென்று நடுங்கியது. கண் சொருகி வாய் குழறியது.

வேனிலிருந்து இறங்கிய அம்மாள், நெற்றியில் அப்போதுதான் வைத்த கோயில் குங்குமத்தோடு, அந்தக் காட்சியைக் கண்டு அப்படியே மண்டியிட்டாள். ‘ஆத்தா வந்துட்டா!’ கூட வந்தவர்களும் கைகூப்பினார்கள். யாரோ கற்பூரம் தேடினார்கள். ‘என் பொண்ணுக்கு எப்பம்மா வரன் அமையும்? சொல்லு தாயி!’ பாட்டி ஏதோ சொன்னாள். ‘த’வில் ஆரம்பிக்கிற ஏதோ ஒரு வார்த்தை. தை மாசம் என்று குடும்பம் ஒருமனதாக முடிவு செய்தது. தண்ணியோ என்று எனக்கொரு சந்தேகம். ஆனால் அருள்வாக்குக்குப் பொருள் சொல்ல நான் யார்?

ஆயா ஒருத்தி, அவலூர்ப்பேட்டைப் பக்கத்துக்காரி, சமையற்கட்டிலிருந்து சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள். கும்பிட்டுக் கொண்டிருந்தவர்களை முழங்கையால் இடித்து விலக்கிவிட்டு, பாட்டியின் தலையை மடியில் வைத்து, விரலில் சர்க்கரையைத் தொட்டுக் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் விழுங்க முடிந்ததும் சர்க்கரைத் தண்ணீர், பிறகு நாலு வாய் சோறு. கால் மணி நேரத்தில் ஆத்தா மலையேறிவிட்டாள். பாட்டி விழித்துப் பார்த்து, ‘ஏன்டி இத்தினி பேரு நிக்கிறாங்க?’ என்றாள். குடும்பம் காணிக்கை வைத்துவிட்டுப் போனது. மேலாளர் பிறகு ஆயாவைக் கூப்பிட்டுக் கண்டித்ததாகக் கேள்வி. விருந்தினரை முழங்கையால் இடிப்பது இல்லத்தின் தரத்துக்கு இழுக்கல்லவா?

அந்த ஆயா விஷயத்தில் மட்டும் இல்லத்தைப் புகழ எனக்கு வாய்ப்புக் கிடைக்காமல் போயிற்று. எந்தப் பாட்டிக்கு எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு வாங்கும், எந்தத் தாத்தாவுக்கு வெந்நீர் ஊற்றும்போது காதைப் பொத்த வேண்டும், யார் பெண் பெயரைச் சொன்னால் ஒரு வாய் கூடச் சாப்பிடுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் மல்லாட்டை பிடுங்குகிற பருவம் வந்தது. கொல்லையில் கிடைக்கிற ஒரு நாள் கூலி, இங்கே பகலும் ராத்திரியும் சேர்த்துக் கொடுக்கிறதைவிடக் கூடுதல். போதாததற்கு மல்லாட்டைச் செடியைத் திருப்பிப் போட்டால் அது கையைக் கடிக்காது, மேலே மூத்திரம் போகாது. போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக ஒரு கேமரா வாங்கி மாட்டினார்கள்.

கேமரா வந்ததும் இல்லத்தின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. அத்தை மகன் அபுதாபியிலிருந்து செல்போனிலேயே கூடத்தைப் பார்க்கிறான். ‘எப்ப பார்த்தாலும் அம்மா நிம்மதியா தூங்கிக்கிட்டு இருக்காங்க மச்சான்’ என்று என்னிடம் நெகிழ்ந்தான். வெள்ளை மாத்திரை கேமராவில் தெரிவதில்லை, நாற்றமும் ஏறாது, ஸ்டூலுக்கும் கைக்கும் நடுவிலிருக்கிற இரண்டு சாண், மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. சுவரில் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567 என்று பெரிதாக ஒரு ஸ்டிக்கரும் உண்டு. போன் மட்டும் ஆபீஸ் அறையில் பூட்டியிருக்கிறது. எண்ணைப் பார்க்கிற உரிமை அங்கே யாருக்கும் மறுக்கப்படுவதில்லை.

மதிப்பிட அதிகாரிகளும் வராமலில்லை. பதிவுக்கான விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் ஒருவர் வந்தார். பெரிய மனிதர், திடுதிப்பென்று வந்து பயமுறுத்துகிற பழக்கமில்லாதவர். மூன்று நாள் முன்னாலேயே போன் செய்துவிட்டார். அன்றைக்குக் கட்டிலுக்கெல்லாம் புது விரிப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை. கூடமெங்கும் ஃபினைல் மணம். விசிறிகூடச் சுற்றியது. புடவைத் துணிகள் மணிக்கட்டிலிருந்து ஜன்னலுக்கு இடம்பெயர்ந்து திரைச்சீலை ஆயின. அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்குமே என்று ஜீப்பில் இருந்தபடியே நோட்டில் கையெழுத்திட்டார். 30ஆம் தேதி டிக்குகளுக்கும் சேர்த்து.

இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமலே போய் நிற்பார்களாம். மரியாதை தெரியாத தேசம். அமெரிக்கர்கள் 2008 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போட்டு ஊரறிய வெளியிடுகிறார்கள். நேரில் சோதித்தது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது, எத்தனை பேருக்குப் படுக்கைப்புண், எத்தனை பேர் விழுந்து அடிபட்டார்கள், எத்தனை பேருக்கு மூளையை மந்தமாக்குகிற மாத்திரை என்கிற கணக்குகள் எல்லாம் சேர்ந்துதான் நட்சத்திரம். இதில் ஆள் கணக்கையும் புண் கணக்கையும் ரொம்ப காலம் இல்லத்துக்காரர்களே எழுதிக் கொடுத்தார்கள். சோதனைக்குப் போனவர்களிடம் கையும் களவுமாகப் பிடிபட்ட இல்லங்கள்கூட மொத்தத்தில் நல்ல நட்சத்திரம் வாங்கியதை 2014இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அதன் பிறகு ஆள் கணக்கைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். அமெரிக்கா இப்படித் தட்டுத்தடுமாறி விட்டுவிட்ட இடத்தை எங்கள் மல்லாட்டைக் கொல்லை இல்லம் ஒரே நோட்டில், ஒரே பேனாவில் பிடித்துவிட்டது.

பழசாகி இடிந்து நிற்பதற்கு மதிப்புக் கொடுக்கத் தெரியாத ஊர் அல்ல எங்கள் ஊர். செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே நிபுணர் வந்து கோட்டையை நேரில் சுற்றிப் பார்த்தார். எந்தக் கல் சரிந்திருக்கிறது, எந்தச் சுவரில் விரிசல், எங்கே மழைநீர் இறங்குகிறது, எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு. பராமரிப்பு வேண்டுமானால் கல்லாகப் பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டமும் பரிவானது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியவர்கள் 150 பேர் தங்கும் அளவில், அரசு இல்லம் நடத்த அது இடம் கொடுக்கிறது. கட்டாயப்படுத்தி அரசின் மனத்தை நோகடிக்கவில்லை. பெற்றவர்களைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 5,000 எங்கள் இல்லத்தின் ஒரு மாதக் கட்டணத்தில் பாதிகூட வராது. சும்மா விட்டுவிட்டுப் போவதுதான் சிக்கனம் என்று சட்டமே கணக்குப் போட்டுக் காட்டியும், மாதாமாதம் பணம் கட்டி விடுகிறார்களே பிள்ளைகள், அந்தப் பாசத்தை என்னவென்பது!

எங்கள் இல்லத்தைச் சந்தேகிப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு இல்லங்களும் உண்டு. இதே விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டிப் பக்கம் குண்டலப்புலியூரில், அன்பு ஜோதி என்று ஓர் ஆசிரமம். பெயரைக் கேட்டாலே மனம் குளிரும். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரை அமெரிக்காவில் வாழும் உறவினர் தேடப்போய், ஆள் அங்கே இல்லை என்று தெரிந்து, விவகாரம் ஆட்கொணர்வு மனுவாக உயர் நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். அடி, உதை, பாலியல் கொடுமை, குரங்குகளை விட்டுக் கடிக்க வைத்தது, ஆட்கள் காணாமல் போனது என்று குற்றச்சாட்டுகள் வரிசையாக வந்தன. நடத்தியவரைக் கைது செய்தார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. முறையான உரிமம் இல்லை என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அத்தனை வருடமும் பிறந்த நாளுக்கும் திதிக்கும் சோறு போட்ட நல்ல உள்ளங்கள், கூடத்தைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்காத நாகரிகம் உடையவர்கள். அரசுத் துறைகளோ அதைவிட நாகரிகம் உடையவை.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், 2018 பிப்ரவரியில், உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரத்தில் இயங்கிவந்த இல்லத்தின் வேன் ஒன்று காய்கறி மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு மூதாட்டி கூச்சல் போட்டதால் ஊர்க்காரர்கள் மறித்துப் பார்த்தார்கள்: காய்கறி, ஒரு பிணம், உயிரோடிருக்கிற முதியவர்கள், எல்லாம் ஒரே வண்டியில். அந்த மூதாட்டிக்குச் சத்தம் போடத் தெம்பு இருந்தது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த ஒரே சோதனை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேருக்கு ஓடவும் வழியில்லை. அவர்களையும் சொந்தக்காரர்கள் நம்பித்தான் விட்டுவிட்டுப் போனார்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று. இந்த இரண்டு வரியில் எனக்குப் புகழ வார்த்தை வரவில்லை. மேலே போகிறேன்.

எங்கள் இல்லத்தில் சங்கிலி கிடையாது. வாயில் புடவைதான் என்று முன்பே சொன்னேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சில பேருக்குப் பார்த்ததும் திருப்தி வராது. ஞாயிற்றுக்கிழமை 11 மணி முதல் 12 மணி வரை என்று பார்வை நேரம் தெளிவாக எழுதியிருந்தும், செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழு மணிக்குப் போய்க் கதவைத் தட்டுவார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சுவார்கள். முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பதை விட்டுவிட்டுப் போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்பெலும்புப் பக்கத்தையும் பார்ப்பார்கள். விரல் நகத்தைப் பார்ப்பார்கள்; அதிலும் கால் நகத்தை. மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன எடை, இப்போது என்ன எடை என்று கேட்பார்கள். மாத்திரைச் சீட்டைப் பிடுங்கி இது யார் எழுதியது, எதற்கு எழுதியது என்பார்கள். ராத்திரி எத்தனை பேர் முழித்திருப்பார்கள், அவர்கள் எத்தனை மாதமாக வேலையில் இருக்கிறார்கள் என்று ஆயாவிடமே விசாரிப்பார்கள். கடைசியில் அந்தப் பக்கத்துக் கட்டில்காரியிடம், தங்கள் சொந்தம்கூட இல்லை அவள், காதோரம் குனிந்து ‘சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்பார்கள். இப்படிப்பட்டவர்களால் இல்லத்துக்குத் தாங்க முடியாத மனக்கஷ்டம். நல்லவேளை, அப்படி ஒருவரும் இதுவரை வரவில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமைக்காரன்தான்.

அத்தையைக் கேட்டால் என்ன சொல்வாள் என்று யாருக்காவது தோன்றலாம். கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ‘நல்லா பாத்துக்கிறாங்கப்பா’ என்றாள். மேலாளர் வாசற்படியில் நின்று புன்னகைத்தார். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இந்த மாதம் மேலாளர் வாட்ஸ்அப்பில் அன்னதானப் பட்டியல் அனுப்பியிருந்தார். தை அமாவாசை மூன்று வேளையும் நிரம்பிவிட்டது. மாசியில் மயானக்கொள்ளை சமயம். காலை டிபனுக்கே மூன்று குடும்பங்கள் காத்திருப்பில் இருக்கின்றன. மற்ற நாள்கள் பெரும்பாலும் காலி. அபுதாபியிலிருந்து அத்தை மகன் உடனே பதில் போட்டுவிட்டான்: வருகிற ஆடி அமாவாசை மதியச் சாப்பாடு தன் பெயரில், வடை பாயசத்தோடு இரண்டு வகை இனிப்பு, விசிறியில் எழுதியதுபோல் போர்டிலும் பெயர் வர வேண்டும், முதல் கரண்டியைக் கேமரா பக்கம் திரும்பி நின்று போடச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதை அவன் மறக்கவில்லை. அவளுக்கு மட்டும் இனிப்பு ஒன்று போதும் என்று கீழே தனியாகக் குறிப்பிட்டிருந்தான்.